டிப்ளாய்மென்ட் = களமிறக்கம்

"டிப்ளாய் பண்ணியாச்சா?" தரமணியிலோ சோழிங்கநல்லூரிலோ வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் காதிலும் விழக் கூடாத கேள்வி. எழுதி முடித்த நிரலைச் சர்வரில் ஏற்றி, பயனர்களுக்காக ஓடவிடுவதுதான் டிப்ளாய்மென்ட்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'பிளிக்காரே' என்றால் மடித்தல். 'டிஸ்' முன்னொட்டு சேர்ந்தால் மடிப்பைப் பிரித்தல். பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படைத்துறைச் சொல்லாக ஆங்கிலத்துக்கு வந்தது. நெருக்கி நடந்துவரும் படையைப் போர்முனையில் அகலவாக்கில் விரித்து நிறுத்துவதே அன்றைய பொருள். 'டிஸ்ப்ளே'வும் இதே வேரில் முளைத்ததுதான்.

அந்த அணிவகுப்பை நினைத்தோ என்னவோ, இயந்திர மொழிபெயர்ப்புகள் 'வரிசைப்படுத்தல்' என்று தருகின்றன. கணினித் தமிழில் 'சார்ட்' (sort) செய்வதற்கும் அதே சொல்தான். "இணையதளத்தை வரிசைப்படுத்தினோம்" என்று படித்தால், அகரவரிசையில் அடுக்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் தோன்றும். 'நிறுவுதல்' ஏற்கெனவே இன்ஸ்டாலுக்குப் போய்விட்டது. 'பணியமர்த்தல்' எச்.ஆர். துறையின் சொத்து. என் ஓட்டு 'களமிறக்கு' என்பதற்கே. சேப்பாக்கத்தில் ஆட்டம் நடந்தால் அணி 'களமிறங்கியது' என்றுதான் நாளேடுகள் எழுதுகின்றன. படை வாசனையும் விட்டுப்போகவில்லை.

கையால் களமிறக்குவது எப்படி? தொலைவிலிருந்தே சர்வரைப் பாதுகாப்பாக இயக்க உதவும் எஸ்.எஸ்.எச். வழியே உள்ளே நுழைந்து, நிரலின் பதிப்புகளைச் சேமித்துவைக்கும் 'கிட்'டிலிருந்து (Git) புதிய நிரலை இழுத்து, டேட்டாபேஸ் மாற்றங்களை ஓட்டி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். சர்வர் மூன்று என்றால் இதில் பெரும்பகுதியை மூன்று தடவை செய்தாக வேண்டும். ஒன்றில் ஒரு படி விட்டுப்போனால், ஒரே தளம் ஒருவருக்குப் புதிதாகவும் இன்னொருவருக்குப் பழையதாகவும் தெரியும். இந்தக் கட்டளைகளை எழுதிவைத்து, ஒரே அழைப்பில் எல்லாச் சர்வரிலும் ஓட்டுவது தானியங்கு களமிறக்கம். ஃபேப்ரிக், கேபிஸ்ட்ரானோ, அன்சிபிள் ஆகிய மூன்று கருவிகளும் எஸ்.எஸ்.எச். மூலமே வேலையை முடித்துவிடும். இதற்கென்று சர்வரில் 'ஏஜென்ட்' என்ற தனி மென்பொருள் வேண்டாம்.

கேபிஸ்ட்ரானோவின் வழி அழகானது. ஒவ்வொரு பதிப்பையும் 'ரிலீஸஸ்' என்ற கோப்புறைக்குள் தேதியும் நேரமும் சேர்ந்த பெயரில் தனியே வைக்கும். 'கரன்ட்' என்ற சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்புறையைச் சுட்டும் இணைப்பு, மட்டும் புதியதைக் காட்டும். சிக்கல் வந்தால் அதைப் பழைய பதிப்புக்குத் திருப்பினால் போதும். இந்த 'ரோல்பேக்'குக்குப் 'பின்வாங்கல்' கச்சிதமாகப் பொருந்துகிறது, அதுவும் படைச்சொல்லே. ஆனால் டேட்டாபேஸில் செய்த மாற்றம் இதனால் பின்வாங்காது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

பராமரிப்பு வேலைகளையும் இப்படித் தானாக ஓடவிடலாம்: இரவு பேக்கப், பழைய லாக் (log) பதிவுகளைக் கழிப்பது, லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு தரும் குறுகிய கால இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழைக் காலாவதிக்கு முன் புதுப்பிப்பது. நேரம் வைத்து இவற்றை ஓட்டும் கிரானுக்குக் 'காலக்குறிப்பி' என்றெல்லாம் பெயர் வைக்கத் தேவையில்லை, அது கருவியின் பெயர்.

எடுத்துக்காட்டு: "புதிய பதிப்பை நேற்றிரவு களமிறக்கினோம். பேமென்ட் பக்கம் திறக்கவில்லை, பத்து நிமிடத்தில் பின்வாங்கிவிட்டோம்."