சொல் விளக்கம்: அணுசக்திச் செய்திகளில் வரும் ‘சேஃப்கார்ட்ஸ்’

கூடங்குளம், கல்பாக்கம் செய்திகளில் ‘சேஃப்கார்ட்ஸ்’ வந்தால் ‘பாதுகாப்பு’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். அங்கேதான் குழப்பம். கதிர்வீச்சு கசியாமல் பார்ப்பது ஒரு பாதுகாப்பு, திருடர் நுழையாமல் காப்பது இன்னொன்று. சேஃப்கார்ட்ஸ் இந்த இரண்டும் இல்லை. மின்சாரத்துக்கு, ஆய்வுக்கு என்று சொல்லி வைத்திருக்கும் யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் ஒரு நாடே ஆயுதத்துக்குத் திருப்பிவிடவில்லையா என்று வெளியார் வந்து சரிபார்ப்பது. அந்த வெளியார், 1957-இல் தொடங்கி வியன்னாவில் இயங்கும் பன்னாட்டு அணுசக்தி முகமை.

பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. ஆதியில் அரசன் தரும் அபயத்தையும் குறித்தது.

டெல்டாக்காரர்களுக்கு இது எளிதில் பிடிபடும். களத்தில் நெல்லை அம்பாரமாகக் குவித்து, மேலே சாணிமுத்திரை வைக்கும் வழக்கம் இருந்தது. ஒரு மரக்கால் அள்ளினாலும் குறி கலைந்துவிடும். முத்திரை திருட்டைத் தடுக்காது, காட்டிக்கொடுக்கும். முகமையும் எடைக்கணக்கு, முத்திரை, கேமரா, அப்புறம் நேரடிச் சோதனை என்று இதையே செய்கிறது.

எரிபொருள் ஆய்வுக்கூடங்களில்தான் இந்த வேலை கடினம். மின்நிலையத்தில் எரிபொருள் கட்டுக்கட்டாக இருக்கும், எண்ணிவிடலாம். ஆய்வுக்கூடத்திலோ தூளாகவும் கரைசலாகவும் கழிவாகவும் பிரிகிறது; குழாயிலும் வடிகட்டியிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. அளக்கும் கருவிக்கும் பிழை உண்டு. ஆக, ஏட்டிலுள்ள இருப்புக்கும் அளந்த இருப்புக்கும் சிறு வித்தியாசம் வந்தே தீரும். இதற்குக் ‘கணக்கில் வராத பொருள்’ என்று பெயர். அது இருப்பதாலேயே களவு நடந்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அலட்சியமாக விடவும் முடியாது. ஒரு குண்டுக்குப் போதுமானதாகக் கருதி முகமை வைத்திருக்கும் அளவு 8 கிலோ புளூட்டோனியம்தான். நம் கொள்முதல் நிலையத்து மூட்டையே 40 கிலோ.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘காப்புறுதி’ இலங்கையில் இன்சூரன்ஸைக் குறிக்கிறது. ‘கண்காணிப்பு’ கேமராவோடு நின்றுவிடுகிறது. ‘கணக்குக்காப்பு’ என்பதே என் தேர்வு. சரிபார்ப்பின் அடிப்படையான கணக்கும் அதில் வந்துவிடுகிறது, மூலச்சொல்லிலுள்ள காவலும் வந்துவிடுகிறது.

இப்படி எழுதிப் பாருங்கள் (வேக ஈனுலை என்பது எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் அணு உலை): ‘கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகள் பன்னாட்டுக் கணக்குக்காப்பில் உள்ளன; கல்பாக்கத்தின் வேக ஈனுலைகள் அதற்கு வெளியே உள்ளன.’ இதையே ‘பாதுகாப்புக்கு வெளியே’ என்று எழுதினால், கல்பாக்கத்தில் கதிர்வீச்சு கசிகிறதோ என்று படிப்பவர் பயந்துவிடுவார்.