ஆறு ஸ்பீக்கர் இருந்தும் இரண்டு தடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களை விட்டுத் தாமான் என்னும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்த குடும்பங்களில் ஹோம் தியேட்டர் செட் ஒரு கௌரவம். தீபாவளிக்கு முன்பே வாங்கி, ஹாலின் முன்பக்கம் மூன்று ஸ்பீக்கர், பின்பக்கம் இரண்டு, மூலையில் அடியொலிக்கென ஒரு சப்வூஃபர் என்று அமர்த்திவிடுவார்கள். படமோ இப்போது மடிக்கணினியில் இருக்கிறது. அதன் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரை இழுத்துச் செட்டின் பின்னால் செருகினால் ஆறு ஸ்பீக்கரும் பாடுகின்றன. ஆனால் படத்தில் மழை பெய்தால் நம்மைச் சுற்றிப் பெய்வதில்லை. பின்னாலிருந்து நாயகனைக் கூப்பிடும் குரலும் முன்னாலேயே கேட்கிறது.

செட்டில் பழுது ஏதும் இல்லை. அந்த வயரில் இரண்டு தடத்துக்குமேல், அதாவது தனித்தனி ஒலியோட்டம் இரண்டுக்குமேல், போக வழி இல்லை, அவ்வளவுதான். ஹெட்போன் பின்னைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். 3.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த உலோகத்தை இரண்டு கறுப்பு வளையங்கள் மூன்று துண்டாகப் பிரிக்கும். நுனி இடப்பக்க ஒலிக்கு, நடுத்துண்டு வலப்பக்க ஒலிக்கு, அடித்துண்டு இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டு. மூன்று வளையம் இருந்தால் அந்தக் கூடுதல் துண்டு மைக்குக்கு. ஆக, செட்டுக்கு வந்து சேர்வது இரண்டு தடம். அதையே அது படியெடுத்து எல்லா ஸ்பீக்கருக்கும் பங்கிடுகிறது. புளூடூத்தில் இணைத்தாலும் வழக்கமாக இதே கதைதான்.

தடத்தின் எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு விடை நம் காதில் இருக்கிறது. இடப்பக்கம் எழும் ஒலி இடக்காதை முதலில் தொடுகிறது. தலையைச் சுற்றி வலக்காதுக்குப் போவதற்குள் அதிகபட்சம் 0.7 மில்லிநொடி கழிந்துவிடும். கீச்சென்ற ஒலியாக இருந்தால் தலையே அதை மறைப்பதால் வலக்காதில் சத்தமும் குறைந்து கேட்கும். இந்த இரண்டு வேறுபாடுகளை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது என்று 1907இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு விளக்கினார். முன்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர் இந்தக் கணிப்பை ஏமாற்றி, நடுவில் ஆள் நின்று பேசுவதுபோலக் காட்டிவிடும். முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பதாகக் காட்ட அவற்றால் எளிதில் முடியாது. அதற்குப் பின்னால் ஸ்பீக்கர் வேண்டும், அந்த ஸ்பீக்கருக்கென்றே தனித் தடமும் வேண்டும். தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் காட்டிய நாளில் ஊருக்கே ஒரே ஒலிபெருக்கி. அப்போது யாரும் திசையைத் தேடவில்லை, கதை காதில் விழுந்தால் போதும் என்றிருந்தது.

இப்படிப்பட்ட ஆறு ஸ்பீக்கர் அமைப்பை 5.1 என்பார்கள். அதில் ஐந்து முழுத் தடங்கள். அந்தப் புள்ளி ஒன்று, ஏறக்குறைய 120 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 120 அதிர்வுக்கு, கீழுள்ள ஒலிகளுக்கு மட்டுமான தடம். நம்மூர் வெக்கையில் ஒலி நொடிக்கு 350 மீட்டர் போகும் என்று வைத்தால், 80 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை 4 மீட்டருக்கும் நீளம். அறைக்குள் அத்தனை நீள அலைக்குக் காது திசை பிடிப்பது கடினம். சப்வூஃபரைச் சோபாவின் பக்கத்து மூலையில் தள்ளிவைத்தாலும் படம் கெடாததற்கு இதுவே காரணம்.

சரி, ஆறு தடத்தையும் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

மேசைக் கணினியின் பின்னால் வண்ண வண்ணத் துளைகள் இருந்தால் பழைய வழி ஒன்று உண்டு. பச்சை முன் ஸ்பீக்கருக்கு, கறுப்பு பின் ஸ்பீக்கருக்கு, ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும். மூன்று வயர், வயருக்கு இரண்டு தடம், கணக்குச் சரி. செட்டில் அதற்கான ஆறு துளைகள் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஆப்டிகல் வயர் இதைவிடச் சுவையானது. தோஷிபா 1983இல் கொண்டுவந்தது, டாஸ்லிங்க் என்பார்கள். கணினியில் செருகி மறுமுனையைப் பார்த்தால் சதுர மூக்கின் நடுவில் செந்நிறப் பொட்டு ஒன்று தெரியும். ஒலியின் எண்கள்தான் அப்படி ஒளிவிட்டு அணைந்து ஓடுகின்றன, கண்ணுக்குத்தான் நிலையாகத் தெரிகிறது. புது வயரின் மூக்கில் மாட்டியிருக்கும் குட்டிப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டுத்தான் செருக வேண்டும். அலமாரிக்குப் பின்னால் கூர்மையாக மடக்கவும் கூடாது.

இந்த வழியின் எல்லையைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்தெடுத்த மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு தடம் என்றால் நொடிக்கு 15,36,000 பிட். ஆறு தடம் என்றால் 46,08,000. ஆப்டிகல் இணைப்பின் விதிமுறை, சுருக்காத ஒலியாக இருந்தால் இரண்டு தடத்துக்கு மட்டுமே இடம் தருகிறது. ஆறையும் அனுப்பச் சுருக்கியே ஆக வேண்டும். டோல்பி டிஜிட்டல் செய்வது அதைத்தான்: பலத்த ஒலியின் நிழலில் காதுக்கு எட்டாமல் போகும் நுண்ணொலிகளுக்குப் பிட் செலவழிக்காமல் மிச்சம் பிடிக்கிறது. டிவிடியில் ஆறு தடமும் சேர்ந்து நொடிக்கு அதிகம் போனால் 4,48,000 பிட், அதாவது பத்தில் ஒரு பங்கு. அப்படிச் சுருக்கிய கட்டு பிரிக்கப்படாமல் செட்டுக்குப் போக வேண்டும். விஎல்சி போன்ற பிளேயரில் பாஸ்த்ரூ என்பதை முடுக்கினால் கணினி அதைத் தொடாமல் அப்படியே தள்ளிவிடும். செட்டின் முகப்பில் டோல்பி டிஜிட்டல் என்று எழுத்து ஒளிர்ந்தால் ஆறும் வந்துவிட்டன என்று பொருள். பிசிஎம், அதாவது சுருக்காத ஒலி, என்று காட்டினால் ஆப்டிகலில் வருவது இரண்டுதான். விளையாட்டுகள் ஒலியை அந்தந்தக் கணமே உருவாக்குகின்றன. அதை உடனுக்குடன் சுருக்கித்தரும் வசதி கணினியில் இல்லையென்றால் ஆப்டிகலில் விளையாட்டுக்கு இரண்டு தடமே.

படத்தையும் ஒலியையும் ஒரே வயரில் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ 2002 இறுதியில் வந்தபோதே எட்டுத் தடத்தைச் சுருக்காமல் சுமக்கும் திறனோடு வந்தது. இன்று கணினி வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் இங்கே இரண்டு இடத்தில் கால் இடறுகிறது. விலை குறைந்த பல செட்டுகளில் இருக்கும் ஒரே எச்டிஎம்ஐ துளை 'அவுட்', அதாவது அதிலுள்ள டிவிடி பிளேயரின் படத்தை டிவிக்கு அனுப்ப வைத்தது. மடிக்கணினியின் துளையும் அவுட். அவுட்டோடு அவுட்டைக் கோத்தால் ஒன்றும் வராது. வாங்கும்போதே 'இன்' என்று எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

அடுத்தது, மடிக்கணினியை டிவியில் செருகி, டிவியிலிருந்து செட்டுக்கு ஒலியை எடுப்பது. எச்டிஎம்ஐ செருகிய உடனே இரு பக்கமும் பேசிக்கொள்கின்றன. "உன்னிடம் எத்தனை ஸ்பீக்கர்?" என்று கணினி கேட்க, டிவி உண்மையைச் சொல்கிறது: இரண்டு. கணினி அதற்குமேல் அனுப்புவதில்லை, விண்டோஸில் 5.1 என்ற தேர்வே கிடைக்காமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். கணினியை நேராகச் செட்டின் இன் துளையில் செருகி, செட்டின் அவுட்டை டிவிக்குக் கொடுத்தால் பதில் மாறிவிடும். பிறகு ஒலி அமைப்பில் 5.1ஐத் தேர்ந்து, டெஸ்ட் பொத்தானை அழுத்தி, ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் ஒலிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் பெரியவர்கள் ஒரு குறை சொல்வதுண்டு: "ஏம்பா, பழைய பாட்டுப் போட்டா நடு ஸ்பீக்கர் மட்டும்தான் பாடுது, மத்ததெல்லாம் செத்துப்போச்சா?" ஒன்றும் சாகவில்லை, தம்பிகள் பதறி வயரைப் பிடுங்க வேண்டாம். இரண்டு தடத்திலிருந்து ஐந்தை உருவாக்கும் புரோ லாஜிக் போன்ற வசதி, இடத் தடத்தையும் வலத் தடத்தையும் ஒப்பிட்டு வேலை செய்கிறது. இரண்டிலும் பொதுவாக இருப்பதை நடுவுக்கு அனுப்பும். இடத் தடத்திலிருந்து வலத் தடத்தைக் கழித்து, மிஞ்சுவதைப் பின்னால் அனுப்பும். 1960களின் தமிழ்ப் பாடல்கள் மோனோ. இரு தடமும் ஒன்றே என்பதால் கழித்தால் சுழியம்தான் மிஞ்சும், பின்னால் அனுப்ப ஒன்றும் இருக்காது. அந்தப் பாடல்களுக்குச் செட்டை ஸ்டீரியோவுக்கு மாற்றிவிட்டுக் கேட்பதே அழகு.

தாமான் வீட்டு ஹாலில் சோபா பெரும்பாலும் சுவரை ஒட்டியே கிடக்கும். பின் ஸ்பீக்கர் தலையிலிருந்து 1 மீட்டர், முன் ஸ்பீக்கர் 3 மீட்டர் என்றால் பின்னொலி ஏறக்குறைய 6 மில்லிநொடி முந்திவிடும். முந்தி வரும் ஒலியின் பக்கம்தான் மூளை திசையைச் சாய்க்கும். செட்டில் தூரம் கேட்கும் இடத்தில் உண்மையான அளவைக் கொடுத்தால், அது பின்னொலியை அந்த 6 மில்லிநொடி நிறுத்திவைத்து அனுப்பும். டேப் எடுத்து அளப்பதற்குச் சோம்பல் படாதீர்கள்.

கடைசியாக 'ம்ம்ம்' என்ற அந்த இரைச்சல். மடிக்கணினியின் மூன்று முள் சார்ஜர் ஒரு வழியாகவும், கூரையிலுள்ள சாட்டலைட் தட்டின் வயர் இன்னொரு வழியாகவும் எர்த்தைத் தொடும்போது, நடுவே ஒலி வயர் வளையத்தை மூடிவிடுகிறது. அதில் ஓடும் சிறு மின்னோட்டம் நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸிலேயே முனகும். சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் காரணம் அதுவே. அதற்காக எர்த் முள்ளை ஒருபோதும் துண்டிக்கக் கூடாது. உயிர் காக்கும் முள் அது. ஆப்டிகலுக்கு மாறினால் பிளாஸ்டிக் இழையில் மின்சாரம் பாயாததால் வளையம் அறுந்துவிடும். மாலை இடியின்போதும் அந்த இழை வழியாக எதுவும் கடந்துவராது. செட்டின் மின்செருகியையும் சாட்டலைட் வயரையும் சார்ஜரையும், எச்டிஎம்ஐயாக இருந்தால் அதையும், வானம் கறுக்கும்போதே கழற்றிவிட வேண்டும்.