செல்: சொல் விளக்கம்

செல்போன், செல் டவர், செல் ஐடி (ஒவ்வொரு செல்லுக்கும் உரிய அடையாள எண்). இவற்றில் வரும் 'செல்', இலத்தீன் மொழியின் 'செல்லா'விலிருந்து வந்தது. சிற்றறை, சரக்கறை என்று பொருள். துறவியின் அறை, சிறையறை, தேனடையின் அறை எல்லாவற்றுக்கும் இந்தப் பெயரே வழங்கியது. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரிந்த குட்டி அறைகளையும் அப்படியே அழைத்தார்.

தொலைபேசித் துறையில் இதற்கு வித்திட்டது 1947-இல் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் எழுதிய குறிப்பு. நிலத்தை அறுகோணப் பரப்புகளாகப் பிரித்தால், ஓர் அலைவரிசையையே தள்ளியிருக்கும் பரப்புகளில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது அவர் சொன்ன வழி. அந்தப் பரப்பு ஒவ்வொன்றும் ஒரு செல்.

இடமறிதல் இங்கேதான் தொடங்குகிறது. நமக்கு ஓர் அழைப்பு வந்தால், எந்தப் பரப்பில் மணியடிக்க வேண்டும் என்று வலையமைப்புக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் பையில் சும்மா கிடக்கும்போதும் கைப்பேசி தான் இருக்கும் வட்டாரத்தை, அதாவது பல செல்கள் சேர்ந்த பகுதியை, அவ்வப்போது பதிந்துகொண்டே இருக்கிறது. பேசத் தொடங்கியதும் எந்த செல் என்பதே பதிவாகிவிடும். பெரும்பாலான கோபுரங்கள் மூன்று திசைகளுக்கு மூன்று செல்களாகப் பிரிந்திருப்பதால் திசையும் ஓரளவு தெரியும். அலை போய்வரும் நேரத்தை வைத்துத் தொலைவையும் கணிப்பார்கள். ஜிஎஸ்எம் எனப்படும் இரண்டாம் தலைமுறை (2ஜி) கைப்பேசி முறையில் அந்தக் கணக்கின் ஒரு படி சுமார் 550 மீட்டர். ஆக, ஒரே கோபுரத்தை வைத்துப் பார்த்தால் கிடைப்பது வளைந்த ஒரு பட்டை, புள்ளி கிடைக்காது. நெரிசலான நகரத்தில் ஒரு செல் சில நூறு மீட்டரில் முடிந்துவிடும். திறந்த வெளியில் ஜிஎஸ்எம் செல் 35 கிலோமீட்டர் வரைகூட நீளும்.

ஜிபிஎஸ் வேறு. செயற்கைக்கோள் நேரத்தையும் தன் இருப்பிடத்தையும் ஒலிபரப்புவதோடு சரி. கேட்டுக் கணக்குப் போடுவது கைப்பேசி. யார் கேட்கிறார்கள் என்று செயற்கைக்கோளுக்குத் தெரியாது.

தமிழில் என்ன சொல்லலாம்? உயிரியலில் உயிரணு, கலம் என்ற சொற்கள் உண்டு. இங்கே அவை ஒட்டாது. 'செல்லிடப்பேசி' அழகான ஆக்கம். ஆங்கில ஒலியை வைத்துக்கொண்டே, செல்லும் இடமெல்லாம் பேசுவது என்ற தமிழ்ப் பொருளையும் தந்துவிடுகிறது. ஆனால் அதிலுள்ள 'செல்' நம் வினைச்சொல். அறை என்ற பொருள் அதில் இல்லை. பரப்பைக் குறிக்க 'சிற்றறை' சரியான நேர்ப்பெயர்ப்பு. என் தேர்வு 'வலைக்கண்'. மீன்வலையின் ஒவ்வொரு துளைக்கும் ஏற்கெனவே உள்ள சொல் அது. வலையமைப்பு என்ற சொல்லோடும் இயல்பாக இணைகிறது.

செய்தி எழுதுவோர் இதைக் கவனித்தால் நல்லது. 'டவர் லொகேஷன்படி அவர் அந்த வீட்டில் இருந்தார்' என்பது பதிவு சொல்லாத செய்தி. 'அவரது கைப்பேசி அந்த வீடும் அடங்கிய வலைக்கண்ணில் இருந்தது' என்பதுவரைதான் அது சொல்லும். கைப்பேசி யார் கையில் இருந்தது என்பதை வேறு சான்றுகளில்தான் தேட வேண்டும்.