இளைஞர் விருதுக்கு விண்ணப்பிக்கிறீர்களா? போன வருடத்துக் கணக்கை எடுத்து வையுங்கள்

தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் மாநில இளைஞர் விருது ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று வழங்கப்படுகிறது. 3 ஆண்கள், 3 பெண்கள். ஒவ்வொருவருக்கும் 1 லட்சம் ரூபாய், பாராட்டுப் பத்திரம், பதக்கம். வயது 15 முதல் 35 வரை. தன்னார்வமாகச் சமுதாயப் பணி செய்திருக்க வேண்டும்.

குமரி மாவட்டத்தில் தூத்தூர், குளச்சல் பக்கம் சாயங்காலம் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். காசு வாங்காமல் பிள்ளைகளுக்குக் கால்பந்து பழக்குகிற அண்ணன்மார் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இவர்களில் பலர் விண்ணப்பத்தாளிலேயே தோற்றுப்போகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

முதல் கண்ணி, கடந்த நிதியாண்டு. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை செய்தது மட்டும்தான் கணக்கு. பத்து வருட உழைப்பு, ஒக்கிப் புயலில் ஓடி ஓடி உதவியது எல்லாம் பெரிய காரியங்கள்தான். ஆனால் மதிப்பெண் அதற்கு இல்லை. பழைய படங்களால் விண்ணப்பக் கோப்பைத் தடிமனாக்காதீர்கள்.

அடுத்தது, செய்த தொண்டு அளவிடக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது விதி. எனக்குத் தெரிந்த ஒரு பயிற்சியாளர் பங்குத்தந்தையிடமும் ஊராட்சித் தலைவரிடமும் கடிதம் வாங்கி வந்தார். இரண்டிலும் ஒரே வரி: ‘நற்பணி செய்து வருகிறார்.’ இந்த வரியை வைத்து எதை அளப்பது? அவரிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் இருந்தது. பிள்ளைகளின் பெயர், வந்த நாள், யாருக்கு பூட்ஸ் கொடுத்தார் என்பது வரை பேனாவால் எழுதியிருந்தார். அதுதான் உண்மையான சான்று. அதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். கடிதம் வாங்கினால் எத்தனை பிள்ளைகள், எந்த மைதானம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று எழுதச் சொல்லுங்கள். தேதியும் முத்திரையும் இருக்கட்டும்.

அரசு, பொதுத்துறை வேலையில் இருப்பவர்கள், பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகத்தில் பணியாற்றுபவர்கள் விண்ணப்பிக்க முடியாது. ‘தற்காலிகம்தானே, பரவாயில்லை’ என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பி அலையாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் 5 ஆண்டு குடியிருந்ததற்குச் சான்றும் வேண்டும். இங்கேதான் அலைச்சல் அதிகம். இ-சேவை மையத்தில் இருப்பிடச் சான்றுக்குப் பதிந்தால் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாகப் போகும். விஏஓவைப் பார்த்தால் ஆர்ஐயிடம் இருக்கிறது என்பார். அங்கே போனால் இன்னும் வரவில்லை என்பார்கள். பதிவு எண்ணை வைத்து இணையத்தில் நிலையைப் பார்த்துவிட்டு, எந்த மேசையில் நிற்கிறதோ அங்கே மட்டும் போங்கள். பேருந்துக் காசாவது மிஞ்சும். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் முகவரி வேறு வேறாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தங்கல் மீன்பிடிக்குப் போய்த் திரும்புவதற்குள் கடைசித் தேதி போய்விடும். அறிவிப்பு பெரும்பாலும் ஏப்ரல், மே வாக்கில் வரும். மார்ச்சுக்குள் சான்றுகளை வாங்கி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். விண்ணப்பம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளம் வழியாகத்தான். சந்தேகம் இருந்தால் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். பதிவேற்றியதும் ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து வையுங்கள்; ‘வரவே இல்லையே’ என்று சொன்னால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.