துறையைப் பிரிக்கவும் மூடவும் யாருக்கு அதிகாரம்?

வீராணம் ஏரி மதகு பழுதென்றால் பொதுப்பணித் துறைக்கு மனு எழுதித்தான் காட்டுமன்னார்கோவில் பக்கத்து விவசாயிகளுக்குப் பழக்கம். 2021 மே மாதம் நீர்வளத் துறை தனியாகப் பிரிக்கப்பட்டது. இன்றும் பேச்சில் 'பி.டபிள்யூ.டி.காரங்க'தான். இவ்வளவு பெரிய துறையைப் பிரிக்கத் தனிச்சட்டம் தேவைப்படவில்லை.

எந்த வேலை எந்தத் துறைக்கு, எந்த அமைச்சருக்கு என்பதை அரசமைப்புச் சட்டத்தின் 166(3) பிரிவின்கீழ் ஆளுநர் பெயரில் வரும் அலுவல் விதிகள் முடிவு செய்கின்றன. நடைமுறையில் அது அமைச்சரவையின் முடிவு. விதியைத் திருத்தி அரசாணை போட்டால் துறை பிரியும், சேரும், பெயர் மாறும்.

சட்டத்தால் பிறந்த வாரியமோ ஆணையமோ என்றால் கதை வேறு. அரசாணை சட்டத்தை மீற முடியாது. கலைக்க வேண்டுமானால் அந்தச் சட்டமே வழி சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டமன்றம் அதைத் திருத்த வேண்டும். அவை கூடாத நேரத்தில் அவசரச் சட்டம் கொண்டுவரலாம். ஆனால் அவை மறுபடி கூடி ஆறு வாரத்துக்குள் அது சட்டமாகாவிட்டால் காலாவதியாகிவிடும்.

கிராம அதிகாரிகளான கர்ணம், மணியக்காரர் பதவிகள் போனது இந்த வழியில்தான். 1980 நவம்பரில் அவசரச் சட்டம், 1981இல் சட்டம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. பதவியே ஒழிந்தால் அது தண்டனைப் பணிநீக்கம் ஆகாது, அரசமைப்புச் சட்டத்தின் 311(2) பிரிவு தரும் விசாரணைப் பாதுகாப்பும் கிடைக்காது என்றது நீதிமன்றம். தலைமுறை தலைமுறையாக இருந்த வேலை அப்படிப் போனது. ஊழியர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

அரசாணையால் பிறந்த துறைக்கும் பணம் தருவது சட்டமன்றம்தான். துறையின் செலவுக்கு அரசு பணம் கேட்கும் மானியக் கோரிக்கையைக் குறைக்கவோ மறுக்கவோ அவைக்கு உரிமை உண்டு. துறையை ஏன் பிரித்தீர்கள், என்ன மிச்சமானது என்று நம் எம்.எல்.ஏ. அந்த விவாதத்தில் கேட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

சரி, கடலூரைத் தாண்டிப் பாகூர் பக்கம் போனால்? புதுச்சேரிக்கு 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுச் சட்டம். அங்குள்ள சட்டமன்றம் மாநிலப் பட்டியலில் சட்டம் இயற்றலாம், ஆனால் நாடாளுமன்றச் சட்டத்தோடு முரண்பட்டால் நாடாளுமன்றமே மேல். அமைச்சரவையோடு துணைநிலை ஆளுநருக்குக் கருத்து வேறுபாடு வந்தால் விஷயம் குடியரசுத் தலைவரிடம், அதாவது மத்திய அரசிடம் போகும். 2020 மே மாதம் யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகத்தைத் தனியாருக்கு விடுவதாக அறிவித்ததும் மத்திய அரசுதான்; புதுச்சேரி மின்துறை ஊழியர்கள் அதை எதிர்த்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். மாநில அந்தஸ்து கேட்டுப் புதுச்சேரி அவை பலமுறை தீர்மானம் போட்டும் அது வரவில்லை. தீர்மானத்துக்குச் சட்டத்தின் வலு கிடையாது.

உங்கள் ஊர் அலுவலகத்தை மூடினாலோ இணைத்தாலோ, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். தமிழ்நாட்டில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். அரசாணை எண், எந்த விதி அல்லது சட்டப் பிரிவின்கீழ் போடப்பட்டது, ஆணையின் நகல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். துறை மாறிப்போய் மனு வேறு மேசைக்குப் போய்விட்டாலும் கவலை வேண்டாம். 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் உரிய துறைக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.