செயின்ட் பால்ஸ்ல பேச்சைப் புரிய வச்ச சில மில்லிசெகண்டுகள்

பழைய பெரிய சர்ச்சுல மைக்ல பேசினா ஏன் ஒண்ணுமே புரியல, வால்யூம கூட்டினா இன்னும் மோசமாகுதேன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். லண்டன் செயின்ட் பால்ஸ் கதீட்ரல வச்சே இதச் சொல்லிடலாம்.

1675ல ஆரம்பிச்சு 1710ல முடிச்ச கட்டடம், டிசைன் கிறிஸ்டோபர் ரென். உள்ள பூரா கல்லும் மார்பிளும், மேல பிரம்மாண்டமான டோம், சத்தத்த உறிஞ்ச எதுவுமே கிடையாது. கூட்டம் இல்லாதப்ப கை தட்டினா அது முழுசா அடங்க பத்து செகண்டுக்கு மேல ஆகும். நாம ஒரு செகண்டுக்கு நாலஞ்சு அசை பேசுறோம், அப்போ முதல் அசை அடங்குறதுக்குள்ள இன்னும் நாப்பது அசை அது மேல வந்து விழுது, வால்யூம கூட்டினா இந்தக் குழப்பமும் சேர்ந்துதான் கூடும். வேற ஹாலா இருந்தா சுவர்ல ஃபோம் ஒட்டிடலாம், ரென் கட்டின சுவர்ல யார் ஒட்ட விடுவாங்க?

1950களோட ஆரம்பத்துல பார்கின், டெய்லர்னு ரெண்டு பேர் சுவரத் தொடாம வழி கண்டுபிடிச்சாங்க. முதல் வேலை, நிறைய ஸ்பீக்கர ஒண்ணு மேல ஒண்ணா ஒரே தூண் மாதிரி அடுக்கினது. அப்படி அடுக்கினா மேலயும் கீழயும் போற அலைகள் ஒண்ண ஒண்ணு பெருமளவு அழிச்சுக்கும், நேரா முன்னாடி போறது மட்டும் பலமாகும். சத்தம் டோமுக்கு ஏறாம ஜனங்க மேல போய் விழும், மனுஷ உடம்பும் துணியும் அத நல்லாவே உறிஞ்சிடும்.

ஆனா பின் வரிசைக்கு தனி ஸ்பீக்கர் வேணும், அங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது. ஒயர்ல சிக்னல் உடனே போயிடும், காத்துல சத்தம் செகண்டுக்கு சுமார் 343 மீட்டர்தான். 34 மீட்டர் தள்ளி உக்காந்திருக்கிறவருக்கு பக்கத்து ஸ்பீக்கர் முதல்ல பேசும், பேசுறவரோட நிஜக் குரல் பத்துல ஒரு பங்கு செகண்ட் லேட்டா எதிரொலி மாதிரி வந்து சேரும், ஆள் முன்னாடி நிக்க குரல் பக்கத்துத் தூண்லேர்ந்து வரும்.

ஜெர்மனில ஹெல்முட் ஹாஸ்னு ஒருத்தர் 1949ல தன்னோட டாக்டர் பட்ட ஆராய்ச்சில காது பண்ற ஒரு வேலைய அளந்து காட்டியிருந்தார். ஒரே பேச்சு ரெண்டு திசையிலேர்ந்து, ரெண்டாவது அஞ்சுலேர்ந்து முப்பது மில்லிசெகண்ட் வரைக்கும் பிந்தி வந்தா, நமக்கு ரெண்டு குரலா கேக்காது, ஒரே குரல்தான், அதுவும் முதல்ல வந்த திசையிலேர்ந்து! ரெண்டாவது கிட்டத்தட்ட 10 டெசிபல் பலமா, அதாவது பத்து மடங்கு சக்தியோட வந்தாலும் மூளை முதல்ல வந்ததத்தான் நம்பும், பின்னாடி வந்தத அதோட சேர்த்து தெளிவாக்கிக்கும். இடைவெளி அம்பது மில்லிசெகண்ட தாண்டிப் போச்சுன்னாதான் எதிரொலியா பிரிய ஆரம்பிக்கும்.

அப்போ பின் ஸ்பீக்கர, முன்னாடி குரல் வந்து சேர்ந்த பிறகு கொஞ்சம் பிந்திப் பேச வச்சா போதும். கம்ப்யூட்டர் இல்லாத காலம், அதனால விளிம்புல காந்தப்பூச்சு பூசின ஒரு சக்கரத்த சுத்த விட்டாங்க, டேப் ரெக்கார்டர்ல இருக்கிற மாதிரி ஒரு ஹெட் குரல அதுல பதியும், சுத்தி அங்கங்க வச்ச மத்த ஹெட்கள் அதையே கொஞ்சம் கொஞ்சம் தாமதமா படிச்சு அந்தந்த தூரத்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். பக்கத்து ஸ்பீக்கர்தான் உங்களுக்குப் புரிய வைக்குது, ஆனா அது பேசுறதே உங்களுக்குத் தெரியாது. எவ்ளோ அழகான ஏமாத்து வேலை!

பார்கின் வேலை பார்த்தது பிரிட்டிஷ் அரசோட கட்டட ஆராய்ச்சி நிலையத்துல. காது எத்தன மில்லிசெகண்ட் பொறுக்கும்னு ஆராய காசு எதுக்குன்னு கேக்குறவங்க உண்டு, அந்த மாதிரி ஆராய்ச்சிக்குத்தான் அரசாங்கம் காசு குடுக்கணும்னு நான் உறுதியா நினைக்கிறேன், எந்தக் கம்பெனியும் குடுக்காது.

இன்னைக்கு டிஜிட்டல் மிக்சர்ல டிலேன்னு ஒரு செட்டிங் இருக்கும். முன் ஸ்பீக்கர்லேர்ந்து பின் ஸ்பீக்கர் இருக்கிற தூரத்துக்கு, மீட்டருக்கு சுமார் 3 மில்லிசெகண்ட், அதுக்கு மேல ஒரு பத்து பதினஞ்சு சேர்த்து வைங்க. கல்யாண மண்டபமானாலும் சரி, பழைய சர்ச்சானாலும் சரி, வால்யூம்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி சவுண்ட் சர்வீஸ்காரர்கிட்ட இதச் சொல்லுங்க.