மெஷினில் என்ன ஏறியது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

போன மழைக்காலத்தில் ஒரு வேன் டிரைவர் என்னைப் பார்க்க வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். டிராஃபிக் போலீசாரின் கையடக்க மெஷினில் அச்சான இ-சலான். வியர்வை பட்டுப் பாதி எழுத்து மங்கியிருந்தது. தொகை மட்டும் தெளிவாகத் தெரிந்தது: 5,000 ரூபாய். குற்றம், ஓட்டுநர் உரிமம் இல்லாமல் வாகனம் ஓட்டியது.

“பதினோரு வருஷமா லைசென்ஸ் இருக்கு சார். அன்னிக்கு வீட்ல வச்சிட்டு வந்துட்டேன், அவ்வளவுதான்” என்றார்.

உரிமம் இல்லாமல் ஓட்டுவதும், இருக்கிற உரிமத்தைக் கையில் கொண்டுவராததும் சட்டத்தில் வேறு வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆவது பிரிவுப்படி, சீருடையில் இருக்கும் எந்தக் காவலர் கேட்டாலும் உரிமத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 177-ஆவது பிரிவு வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகும் முதல் தடவைக்கு 500 ரூபாய் வரைதான் அபராதம். உரிமமே வாங்காமல் ஓட்டினால் 181-ஆவது பிரிவு. அதில்தான் 5,000 ரூபாய்; மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. மெஷினில் இவை ஒரு பட்டியலின் வரிகள். விரல் எந்த வரியில் பட்டதோ அதுதான் உங்கள் குற்றம்.

அந்த டிரைவருக்கு நடந்தது இதுதான். போனில் ஆவணங்களை வைத்துக்கொள்ளும் அரசுச் செயலியான டிஜிலாக்கரைத் திறக்கப் பார்த்திருக்கிறார். போனில் சிக்னல் இல்லை. பின்னால் நாலைந்து வண்டிகள் நிற்கின்றன. “சரி, கேஸ் எழுதிட்டேன், அப்புறம் பாத்துக்கோங்க” என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார்கள். இவரும் படிக்காமல் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வாங்கிய இடத்திலேயே ஒரு நிமிடம் நின்று படித்திருந்தால், அங்கேயே பேசித் தீர்த்திருக்கலாம். கடைசியில் நீதிமன்றத்தில் உரிமத்தைக் காட்டித்தான் சரிசெய்ய முடிந்தது. அதற்குள் மூன்று நாள் வேலை போயிற்று. தினக்கூலிக்கு ஓடுகிறவருக்கு அது சின்ன இழப்பு இல்லை.

இப்படிப்பட்ட வழக்குகளைத் தொடர்ந்து பார்ப்பதால் சொல்கிறேன். சாலையில் நிறுத்தும்போது நாம் போலீஸ்காரரின் முகத்தைத்தான் பார்க்கிறோம். கவனிக்க வேண்டியது அவர் கையில் இருக்கும் மெஷினை. முன்பு கார்பன் தாள் வைத்து எழுதிய ரசீதுப் புத்தகம் ஸ்டேஷன் அலமாரியில் கிடக்கும். இன்றைக்கு உள்ளீடு செய்த நிமிடமே அது தேசிய அளவிலான பதிவில் சேர்ந்துவிடுகிறது. பிறகு எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எடுக்கப் போனாலும், பெயர் மாற்றப் போனாலும், வண்டியை விற்கப் போனாலும் அது முன்னால் வந்து நிற்கும்.

மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். அடிப்படையில் அது ஆண்ட்ராய்டில் ஓடும் கருவி. பல மாடல்களில் சின்ன பிரிண்டரும் சேர்ந்தே இருக்கும். தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இ-சலான் செயலி அதில் இருக்கும். வண்டி எண்ணை அடித்தால் ‘வாகன்’ தரவுத்தளத்திலிருந்து உரிமையாளர் பெயர், வண்டியின் வகை, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் வந்துவிடும். உரிம எண்ணை அடித்தால் ‘சாரதி’ தரவுத்தளத்திலிருந்து உங்கள் உரிமத்தின் விவரம் வரும். பழைய பாக்கி சலான்களும் தெரியும். அப்புறம் ஒரு புகைப்படம், இடம், நேரம்.

ஆகவே அந்த வேன் டிரைவர் உரிம எண்ணை மட்டும் சொல்லியிருந்தால் போதும். அவர் போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் மெஷினில் இருந்திருக்கும். உரிமம் இருப்பதை அந்த மெஷினே காட்டியிருக்கும். உங்கள் உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் வண்டியில் எங்காவது எழுதி வையுங்கள். மனப்பாடம் செய்தால் இன்னும் நல்லது.

டிஜிலாக்கர், மத்தியப் போக்குவரத்துத் துறையின் எம்பரிவாகன் ஆகிய செயலிகளில் காட்டும் ஆவணத்தை ஏற்க வேண்டும் என்பது 2018 நவம்பரிலேயே மத்திய மோட்டார் வாகன விதி 139-இல் சேர்க்கப்பட்டுவிட்டது. “ஒரிஜினல் எங்கே?” என்று கேட்டால் பணிவாக அந்த விதியைச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஆர்.சி. போட்டோவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்தச் செயலிகளிலேயே திறந்து காட்ட வேண்டும்.

2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஆவணங்களைச் சோதித்தால், சோதித்த தேதியையும் நேரத்தையும், சோதித்த அதிகாரி யார் என்பதையும் போர்ட்டலில் பதிய வேண்டும். ஒரே வண்டியைத் திரும்பத் திரும்ப நிறுத்தி அலைக்கழிக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். சரக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும். ஒரே ராத்திரியில் நாலு இடத்தில் நிறுத்தப்பட்டவர்கள் என்னிடம் வந்து புலம்பியிருக்கிறார்கள். இந்தப் பதிவு ஒழுங்காக நடந்தால் ஐந்தாவது இடத்தில் இருப்பவருக்கு அது தெரியும்.

இனி வேறொரு வகைத் தவறு. ஒரு பால்காரருக்கு அவர் போயே இராத நகரத்திலிருந்து ஹெல்மெட் அணியாததற்கு 1,000 ரூபாய் சலான் வந்தது. அன்று அதே நேரத்தில் இவர் தன் ஊரில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். இ-சலான் தளத்தில் புகைப்படத்தைத் திறந்து பார்த்தோம். படத்தில் இருப்பது சிவப்பு ஸ்கூட்டர். இவருடையது இருபக்கமும் கேன் தொங்கும் கறுப்பு பைக். எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றி அடித்துவிட்டார்கள். படம் இருந்ததால் புகார் பிரிவில் பதிந்து நீக்க முடிந்தது. சலான் வந்ததும் முதலில் புகைப்படத்தைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

இதில் ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. எண்ணை அடித்த அந்த நொடியில், திரையில் பால்காரரின் பெயரும் அவருடைய பைக்கின் மாடலும் வந்திருக்கும். எதிரே நிற்பதோ ஸ்கூட்டர். “உங்க பேரு என்னங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இதைப் படிக்கும் காவல்துறை நண்பர்கள் இருந்தால் உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: பெயரை வாய்விட்டுக் கேட்டு, திரையோடு ஒப்பிட்டுவிட்டு அடுத்த பொத்தானை அழுத்துங்கள். மே மாத வெயிலில், சூடேறிய சாலையில், இரைச்சலுக்கு நடுவே, கண் கூசும் திரையில் எண் அடிப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். அந்தக் கடினத்திலும் ஒரு கேள்வி, முன்பின் தெரியாத ஒருவரை அலைச்சலிலிருந்து காப்பாற்றும்.

வண்டியை விற்றவர்கள் இதைவிடப் பெரிய சிக்கலில் மாட்டுகிறார்கள். மெஷினுக்குத் தெரிந்த உரிமையாளர், வாகன் தளத்தில் பெயர் உள்ளவர் மட்டுமே. மெக்கானிக் மூலம் பைக்கை விற்று, படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு ஒன்றரை வருடத்தில் ஏழு சலான்கள். 50-ஆவது பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். ‘அவர் மாற்றிக்கொள்வார்’ என்று விட்டுவிடாதீர்கள். பெயர் மாறிவிட்டதா என்று எம்பரிவாகனில் நீங்களே வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

சரி, நிறுத்தினால் என்ன செய்வது? வண்டியை ஓரம் கட்டுங்கள், ஆவணங்களைக் காட்டுங்கள், வாக்குவாதம் வேண்டாம். மெஷினில் அடித்து முடித்ததும், “சார், வண்டி நம்பரும் செக்‌ஷனும் ஒருதடவை பாத்துக்கலாமா?” என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் திரையைத் திருப்பிக் காட்டுகிறார்கள். காட்டாவிட்டால் சீட்டை வாங்கி அங்கேயே படியுங்கள். வண்டி எண், பிரிவு, இடம், நேரம், செல்போன் எண். சீட்டை உடனே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். வெப்பத்தாளில் அச்சானது சில வாரங்களில் வெளிறிவிடும்.

அபராதம் கட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். 200-ஆவது பிரிவின் கீழ் பணம் கட்டுவது சமரசம். கட்டியதோடு அந்த வழக்கு முடிந்துவிடும். தவறு செய்திருந்தால் கட்டிவிடுவதே நல்லது. செய்யவில்லை என்றால், அவசரப்பட்டுக் கட்டிவிட்டு அப்புறம் என்னிடம் வந்தால் நான் செய்யக்கூடியது மிகக் குறைவு. மறுப்பதற்கு வழி இருக்கிறது: தளத்தின் புகார் பிரிவு, இல்லாவிட்டால் நீதிமன்றம். ஆன்லைனிலேயே நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போன சலானிலும் ‘எதிர்த்து வழக்காட விரும்புகிறேன்’ என்று தேர்வு செய்ய முடியும். குடித்துவிட்டு ஓட்டிய 185-ஆவது பிரிவு வழக்கு இந்தச் சமரசப் பட்டியலிலேயே இல்லை. அது நீதிமன்றத்துக்குத்தான் போகும். “இங்கேயே கட்டிட்டுப் போயிடு” என்று அதற்கு யாராவது பணம் கேட்டால் அது அபராதம் அல்ல.

இன்னொன்று. ஹெல்மெட் அணியாதது, செல்போன் பேசிக்கொண்டு ஓட்டியது போன்றவற்றுக்கு 206-ஆவது பிரிவின்படி உரிமத்தை எடுத்து, தகுதிநீக்கத்துக்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்ப முடியும். அபராதம் கட்டிவிட்டதால் மட்டும் இது நின்றுவிடாது. உரிமத்தை எடுத்தால் அதற்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. சீட்டை வாங்காமல் உரிமத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

சலான் பயத்தை வைத்துத் திருடுகிறவர்களும் பெருகிவிட்டார்கள். “உங்கள் வாகனத்துக்கு அபராதம்” என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். கூடவே ஒரு ஏ.பி.கே. கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பு. திறந்தால் போனில் வரும் ஓ.டி.பி.யெல்லாம் அவர்கள் கைக்குப் போகும். எந்த அரசுத் துறையும் சலானை ஏ.பி.கே. கோப்பாக அனுப்பாது. சந்தேகம் இருந்தால் அந்தச் செய்தியைத் தொடாமல், பிரவுசரில் நீங்களே இ-சலான் பரிவாகன் தளத்துக்குப் போய் வண்டி எண்ணைப் போடுங்கள். முகவரி ‘கவ் டாட் இன்’ (.gov.in) என்று முடிகிறதா பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வாகன் தளத்தில் உங்கள் வண்டிக்கு எந்த செல்போன் எண் இருக்கிறது என்று பாருங்கள். ஷோரூமில் விற்பனையாளர் தன் எண்ணையே போட்டு வைத்த ஆர்.சி.க்களையும், எட்டு வருடம் முன்பு கைவிட்ட எண்ணோடு இருக்கும் ஆர்.சி.க்களையும் நான் பார்த்திருக்கிறேன். சலான் வந்ததே தெரியாமல் சம்மன் வரை போனவர்களில் பலர் இவர்கள்தான். பரிவாகன் தளத்தில் எண்ணை மாற்ற, சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் கேட்கும். இரண்டும் ஆர்.சி.யிலேயே இருக்கின்றன.